பழைய காரின் மானிகளுக்குப் புதிய வெளிச்சம்

மாணவ நேயர் ஒருவர் நமக்கொரு கடிதம் விடுத்திருக்கிறார். அவரது இல்லத்தில் தந்தையார் நெடுங்காலமாகப் பேணிவரும் மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டாம். இரவிலே அதன் வேகமானியில் முள் எங்கே நிற்கிறது என்பதே தெரிவதில்லையாம். நண்பர் ஒருவர் தமது காரில் நீல நிறத்தில் ஜொலிக்கும் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தியிருப்பதைக் கண்டதுமுதல், தம் வீட்டு வண்டிக்கும் அவ்வாறு செய்தாலென்ன என்ற ஆவல் இவருக்கு. தந்தையாரோ, ‘பழைய குமிழே போதும், அதிலே கை வையாதே’ என்கிறாராம். இருவருள் யார் பக்கம் நியாயம் என்று நம்மைக் கேட்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே தீர்ப்புக் கூறும் துணிவு நமக்கில்லை. எனினும் கேள்வி நல்ல கேள்வி. இரவில் அந்த வண்டியை ஓட்டுபவர் தந்தையாரே என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதனால், அது வெறும் அலங்காரத்தைப் பற்றிய கேள்வியுமன்று.

இந்தக் காரை அறியாத இளைய நேயர்களுக்குச் சில வார்த்தைகள். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர், 1948 ஆம் ஆண்டில் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் வண்டிகள் உருவாகிவிட்டன. பிரித்தானியக் கார்களுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. நம் நாட்டிலே ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலரின் முற்றங்களில் இது நின்றது. 1990-களில் வடக்கிலே பெற்றோல் கிடையாத நாட்களில், சில துளி பெற்றோலால் உயிரூட்டப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் இதுவும் ஒன்றாகும். அத்தகைய வண்டியைத் தந்தையார் எளிதில் பிறர் கையிற் கொடுக்க அஞ்சுவது இயல்பே அன்றோ?

இனி விஷயத்துக்கு வருவோம். 1954 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் இந்தக் காரின் வேகமானி, டாஷ்போர்ட் என வழங்கும் முகப்புப் பலகையின் நடுவிலே வட்டமாக அமைந்தது. அதன் முதுகில் செருகப்பட்ட சிறு தாங்கிகளில், திருகு முனையுடைய சின்னஞ்சிறு மின்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 12 வோல்றில் 2.2 வாற் சக்தியை மட்டும் கொள்ளும். முன்னாளில் நாம் வீட்டில் எரித்த 40 வாற் குமிழோடு ஒப்பிட்டால், ஏறக்குறையப் பதினெட்டில் ஒரு பங்கு. ஆனால் இந்தச் சிறு குமிழ்கள் புதிய வண்டியில் போதிய வெளிச்சம் தந்தன என்பதை நாம் மறக்கலாகாது. அன்று போதியது இன்று ஏன் போதவில்லை? தம்பி முதலில் ஆராயவேண்டியது இதனையே. குமிழை மாற்றுவது பிறகு.

இழைக் குமிழுக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் கிடைக்கும் வோல்றளவு சிறிது குறைந்தால் ஒளி சிறிதன்று, மிகுதியாகவே குறையும். ஒளியின் அளவு வோல்றளவின் மூன்றரை மடி அடுக்கையொட்டி மாறுகிறது என்பது கணக்கு. 12 வோல்றுக்குப் பதிலாக 11 வோல்ற் மட்டும் குமிழைச் சென்றடையுமானால், ஒளியில் காற்பங்கு போய்விடும். 10 வோல்ற் ஆனால் பாதிதான் மிஞ்சும். கணிதம் பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். இவ்விரண்டு வோல்றும் எங்கே போயின என்று தேடினால், பெரும்பாலும் தாங்கிக்கும் மானியின் உடலுக்கும் இடையே படிந்த துருவிலும், பச்சைக் களிம்பேறிய இணைப்புகளிலும், மானியிலிருந்து காரின் உடலுக்குச் செல்லவேண்டிய பூமித்தொடுப்பிலும் அவை தொலைந்திருக்கும். கடலோரக் காற்று வீசும் நம் ஊர்களில் இது அதிசயமன்று. வோல்ற்மானி ஒன்றை இரவல் வாங்கி, விளக்கை எரியவிட்டுப் பற்றரியில் ஒருமுறையும், குமிழின் இரு முனைகளுக்கிடையே ஒருமுறையும் அளந்து பார்த்தால் உண்மை வெளிப்படும்.

மற்றொரு காரணம் மானிக்குள்ளேயே இருக்கிறது. குமிழ் எண்களின்மேல் நேரே ஒளி வீசுவதில்லை. மானிப் பெட்டியின் உட்சுவரிற் பட்டுத் தெறித்த ஒளியே முகத்தட்டில் பரவுகிறது. உட்சுவரின் வெண்பூச்சு மங்கி, கண்ணாடியின் உட்புறத்திலும் மெல்லிய படலம் கட்டியிருக்குமாயின், எந்தக் குமிழைப் போட்டாலும் பயன் குறைவே. குமிழும் காலப்போக்கில் தன் கண்ணாடிக்குள்ளே கறுத்துவிடுகிறது. ஆகவே மெல்லிய மணற்றாளால் தாங்கிகளைத் துலக்கி, பூமித்தொடுப்பைப் புதுப்பித்து, அதே வகைப் புதிய 2.2 வாற் குமிழ்களை இட்டுப் பாருங்கள். பாதி வீடுகளில் வழக்கு இத்துடன் முடிந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. தந்தையார் சொன்ன பாதி நியாயம் இதுதான்.

மீதிப் பாதி மகனுடையது. எல்.ஈ.டி. என்பதை நம் பாடநூல்கள் ‘ஒளி காலும் இருவாயி’ என்று கூறும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் இருவாயியை அமெரிக்காவில் நிக் ஹொலோன்யாக் 1962 இல் செய்துகாட்டினார். நீல ஒளி வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதனைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. நாம் வெள்ளை எல்.ஈ.டி. என்று வாங்குவதிற் பெரும்பாலானவை நீல இருவாயியின்மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியவையே. இவை குறைந்த மின்னில் நிறைந்த ஒளி தரும். மானிப் பெட்டியைச் சூடாக்கமாட்டா. அதிர்விலே இழை அறுந்துபோகும் என்ற பயமும் இல்லை. மானிக்குள் வர்ணம் கருகுவதையும் பிளாஸ்ரிக் வளைவதையும் கண்டவர்கள் சூடு குறைவதன் அருமையை அறிவார்கள். ஆனால் ‘பற்றரி மிச்சப்படும்’ என்று கடைக்காரர் சொல்லும் கதையை நம்பவேண்டாம். முன்விளக்குகள் இரண்டும் எண்பது வாற் அளவில் விழுங்கிக்கொண்டிருக்க, மானி விளக்கில் நான்கு வாற் மிச்சம் பிடித்து யாது பயன்?

வாங்கும்போது கவனிக்கவேண்டியது முதலாவதாக மின்முனை. இழைக் குமிழ் எந்தப் பக்கத்தால் மின் வந்தாலும் எரியும். இருவாயி ஒரு திசையில் மட்டுமே மின்னைச் செல்லவிடும். மொறிஸ் மைனரும் அக்காலத்து ஒஸ்ரின் கார்கள் பலவும் பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டவை. இன்றைய கார்களோ இதற்கு நேர்மாறானவை. புதிய கார்களுக்கென்று செய்த எல்.ஈ.டி. குமிழை மைனரில் திருகினால் அது எரியாது. பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். இரு திசைக்கும் ஏற்ற குமிழ்கள் உண்டு. அவற்றையே கேட்டு வாங்கவேண்டும். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஓல்ற்றனேற்றர் பூட்டிய வண்டிகளில் முனையும் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகையால் பற்றரியின் எந்த முனை உடலுக்குச் செல்கிறது என்று கண்ணாற் பார்த்துக்கொள்வது நன்று. குமிழின் உச்சியில் மட்டும் ஒளி உள்ளதை விட்டு, பக்கங்களிலும் ஒளி வீசுவதைத் தெரிவு செய்க. அல்லாவிடின் முகத்தட்டில் ஓரிடம் பகலாகவும் மற்றோரிடம் இரவாகவும் இருக்கும்.

இனி நிறம். நீல ஒளியை நாம் விரும்பாததற்குக் காரணம் உண்டு. நம் விழித்திரையில் இருளிலே பார்ப்பதற்கென்று அமைந்த கோற்கலங்கள், நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளியைக் கண்டு மிக விரைவில் கூசும். செந்நிற ஒளியைப் பெரும்பாலும் பொருட்படுத்தா. ஒளியிலிருந்து இருளுக்குச் சென்ற கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும். முன்விளக்கு எரியும் வண்டியிலே கண் முழு இருளுக்குப் பழகுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் விளக்கு எட்டாத வீதியோரத்தில் கறுத்த மாடொன்று நிற்பதையோ, பின்விளக்கில்லாத சைக்கிள் ஒன்று செல்வதையோ காணும் திறன், கண் காத்துவைத்திருக்கும் அந்த மிச்ச உணர்ச்சியிலேதான் தங்கியிருக்கிறது. வவுனியாவைக் கடந்து ஏ-9 வீதியில் இரவிலே வடக்கு நோக்கிச் சென்றவர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்முன்னே நீல விளக்கு ஜொலித்தால் முள் நன்றாகத் தெரியும், மாடு தெரியாது. அந்த ஒளி முன்கண்ணாடியிலும் பிரதிபலித்து ஒரு திரைபோல நிற்கும்.

தந்தையாரின் வயதையும் தம்பி எண்ணிப் பார்க்கவேண்டும். அறுபது வயதானவரின் கண்மணி இருளிலும் இளைஞருடையதுபோல விரிவதில்லை, கண்வில்லையும் மஞ்சளிக்கிறது. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே அவரை அடைகிறது என்பர். எனவே மங்கிய மானி அவருக்கு உண்மையிலே இடர்தான். ‘பழைய குமிழே போதும்’ என்று அவர் சொல்வது வண்டிமேல் உள்ள பாசத்தினாலேயே. ஆனால் கூசிய கண் மீளுவதற்கும் அவருக்கு அதிக நேரம் செல்லும். ஆதலால் அவருக்கு வேண்டியது மிகுந்த ஒளியன்று, தெளிந்த ஒளி. பழைய குமிழின் சாயலையொத்த மஞ்சள் கலந்த வெள்ளை எல்.ஈ.டி., சக்தி குறைந்ததாக, போதும். ஒளியைக் குறைக்கும் தடைத்திருகி உள்ள வேறு கார்களில், எல்.ஈ.டி. கொள்ளும் மின் மிகச் சொற்பமாதலால் அத்திருகி அதனை அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

எச்சரிக்கை விளக்குகளை மட்டும் தொடவேண்டாம் என்போம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே வெள்ளை எல்.ஈ.டி. வைத்தால், அதில் சிவப்புக் கூறு குறைவாதலால் எச்சரிக்கை வெளிறித் தெரியும். அதைவிட முக்கியமானது, ஓல்ற்றனேற்றர் பூட்டிய வண்டிகள் பலவற்றில், மின்னேற்றம் தொடங்குவதற்கு வேண்டிய முதல் மின்னே அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகத்தான் செல்கிறது. எல்.ஈ.டி. அவ்வளவு மின்னை விடாது. பற்றரி மெல்ல வற்றி, நள்ளிரவில் வண்டி வீதியில் நின்றுவிடும். காரணம் ஒரு குமிழ் என்பது எந்த மிக்கானிக்குக்கும் எளிதில் தோன்றாது.

வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்றவேண்டும். எப்போதும் உடலோடு இணைந்த முனையே முதலில். மைனரில் அது நேர்முனை. புதிய கார்களிற் பழகிய கை எதிர்முனையை முதலிற் கழற்றப் போய், சாவி உடலிற் பட்டுத் தீப்பொறி பறப்பதுண்டு. சிவப்பில் வெள்ளைக் கோடுள்ள வயரே மானி விளக்குக்குரியது. அறுபது ஆண்டு கண்ட வயரின் உறை வெடித்திருந்தால் அதனையும் மாற்றுக. பழைய வண்டிகளில் விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லாதனவும் உண்டாதலால், சிறிய உருகியொன்றை இடையிற் போட்டுவிடுவது செலவில்லாத காப்பு. 1930-களிலும் 1940-களிலும் செய்த கார் ஒன்றை வைத்திருப்பவர்கள் மானியைத் திறக்காதிருப்பதே நலம். அக்காலத்து மானிகள் சிலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. பூச்சின் மினுக்கம் என்றோ மறைந்திருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலமோ 1600 ஆண்டுகள். சுரண்டினால் அத்தூள் மூச்சோடு உள்ளே போகும்.

வீதிப் பலகைகள் கிலோமீற்றரிலும் மானி மைலிலும் இருப்பதனால் இன்னொரு சிறு உபாயம் கூறுவோம். 50 கிலோமீற்றர் என்பது 31 மைல். 70 கிலோமீற்றர் 43½ மைல். மானிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இவ்விரண்டு இடங்களிலும் மெல்லிய வெண்கோடு இட்டுவிட்டால், தந்தையார் இருளிலே எண்களைத் தேடவேண்டியதில்லை; முள் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தாற் போதும். கழற்றிய பழைய குமிழ்களுள் எரியக்கூடியவற்றைப் பஞ்சில் சுற்றி, ஒரு சிறு தகரப் பேணியிலிட்டுக் காரிலேயே வைத்திருங்கள். தூரப் பயணத்தில் எல்.ஈ.டி. பழுதானால், எந்தத் திசையில் மின் வந்தாலும் அவை எரியும்.