கேமரா படிக்கட்டும், முடிவு மனிதர் எடுக்கட்டும்

நாளை கடலூர், சிதம்பரம் பெட்ரோல் பங்க்குகளில் வண்டி நம்பரைப் படிக்கும் கேமரா வந்தால் வரவேற்கலாமா? டில்லியில் நடந்ததைப் பாருங்கள்.

10 ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும், 15 ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் தரக்கூடாது என அங்கு உத்தரவு வந்தது. பங்க்கிலுள்ள கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். சாப்ட்வேர் அதிலுள்ள எழுத்துக்களையும் எண்களையும் பிரித்தறிந்து, அரசின் 'வாஹன்' டேட்டாபேஸில் வண்டியின் வயதைத் தேடும். பழைய வண்டி எனில் ஒலிபெருக்கி அறிவிக்கும். ஆனால் ஜூலை 3 அன்றே, கேமரா, சென்சார், ஒலிபெருக்கி ஆகியவற்றில் கோளாறு உள்ளதெனக் கூறி, உத்தரவை நிறுத்தி வைக்க டில்லி அரசே கேட்டது. உத்தரவும் தள்ளிப் போனது.

நம் ஊரிலோ அலங்கார எழுத்தில் நம்பர் எழுதிய வண்டிகள் ஏராளம். 8-ஐ 3 எனப் படித்துவிட்டால், யாரோ ஒருவருடைய வண்டியின் வயது உங்கள் தலையில் விழும். எனவே, கேமரா தருவதைத் தகவலாக மட்டுமே கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினால் அங்கேயே சரிபார்த்து எரிபொருள் தர வேண்டும். எடுத்த படம் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதையும் பங்க்கில் எழுதி வைக்க வேண்டும்.

இப்போதே 'பரிவாஹன்' இணையதளத்தில் உங்கள் வண்டியின் விவரங்கள் சரியாக உள்ளனவா எனப் பார்த்துவிடுங்கள்.