லயத்து மாட்டுக்காக யார் பேசுவது?

"மாடு வைத்திருப்போர் அனைவரும் முப்பது நாட்களுக்குள் தத்தம் மாடுகளைத் தோட்ட எல்லையை விட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும். தவறினால் நிர்வாகம் தக்க நடவடிக்கை எடுக்கும்."

இந்த இரண்டு வரிகளைப் படித்திராத தோட்டத் தொழிலாளி இருக்க முடியாது. கிராணி வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை டைப் செய்து பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டும் பாக்கியம் எனக்கும் கிடைத்திருக்கிறது. "தக்க நடவடிக்கை" என்றால் என்ன என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டுவது, மீட்கப் பணம் கேட்பது, கடைசியில் பாதி விலைக்கு வியாபாரியின் லோரியில் ஏற்றுவது என்று அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலம் லயத்தில் கூட்டம் கூடுகிறது. நாலு பேர் சத்தம் போடுகிறார்கள். அப்போது படித்த இளைஞர் ஒருவர் எழுந்து, "மனுசனுக்கே இங்கே வழியில்லை, மாட்டுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்பார். சிரிப்பு எழும், கூட்டம் கலையும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாடு நமக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் பார்ப்போம். பால்வெட்டுக்காரன் சம்பளம் வானத்தையும் சந்தை விலையையும் பார்த்து ஏறி இறங்குகிறது. காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. நமது வடக்குப் பக்கத்தில் பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டி நிற்கும்போது மங்கில் பால் அடி நனைக்காது. அந்த மாதங்களில் வீட்டை நடத்தியது கொட்டகையில் நின்ற மாடுதான். மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி, மகன் காலேஜுக்கு ஒரு ஜோடி, கிழவர் காரியத்துக்கு ஒரு கிடாரி என்று எத்தனை குடும்பங்கள் கடனில்லாமல் கரையேறியிருக்கின்றன! பாங்கில் கணக்கு இல்லாதவனுக்கு மாடுதான் பாங்கு. ஆனால் பாங்குப் புத்தகத்துக்கு யாரும் பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. லட்சுமி என்றும் கறுப்பாயி என்றும் பெயர் வைத்து, கன்று ஈனும் இரவில் லாந்தரோ டார்ச்லைட்டோ வைத்துக்கொண்டு விழித்திருந்த உறவு அது. மாட்டுப் பொங்கலன்று மட்டும் நினைவுக்கு வருகிற உறவல்ல.

இந்த மாடு திருட்டுத்தனமாகத் தோட்டத்துக்குள் நுழைந்ததுமல்ல. யுத்தத்துக்கு முந்திய கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஆளுக்கு 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று கூறியது. சுமார் 2,700 சதுர அடி. வெள்ளைத் துரைமாருக்கு நம் மீது அன்பு பொங்கி வந்த சட்டமென்று எண்ண வேண்டாம். மாடும் கத்தரிச் செடியும் வைத்திருப்பவன் ஊர் திரும்ப மாட்டான், கூலி உயர்வும் அவசரமாகக் கேட்க மாட்டான் என்ற கணக்கு அதில் இருந்தது. எப்படியிருந்தாலும், மாட்டை இங்கே நிற்க வைத்தது தொழிலாளியின் பிடிவாதம் மட்டுமல்ல. தோட்ட முறையே அதை நிற்க வைத்தது.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 1980களில் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மறியாடு வளர்க்கலாம், அது களையைத் தின்னும், மருந்துச் செலவு மிச்சம் என்று ஆராய்ச்சிக்காரர்களே எடுத்துச் சொன்னார்கள். பிறகு செம்பனைத் தோட்டங்களில் மாடு விட்டு மேய்க்கும் திட்டம் வந்தது. மின்வேலி போட்டு, முறை வைத்து, ஒரு கட்டத்தில் மேய்ந்ததும் அடுத்த கட்டத்துக்கு ஓட்டுகிறார்கள். களையெடுக்கும் செலவு குறைகிறது என்று அறிக்கை எழுதுகிறார்கள். கம்பெனி மாடு தின்றால் அது "ஒருங்கிணைந்த கால்நடை வளர்ப்பு". அதே புல்லை லயத்து மாடு தின்றால் அது அத்துமீறல்! இரண்டு மாட்டுக்கும் வாய் ஒன்றுதான், தோழர்களே.

நிர்வாகத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மறுநடவு செய்த இளங்கன்றுகளை மாடு கடித்தால் நஷ்டம்தான். ராத்திரியில் ரோட்டில் படுத்திருக்கும் மாட்டின் மேல் மோட்டார் சைக்கிள் மோதினால் போவது பெரும்பாலும் நம் பிள்ளைகளின் உயிர். காலையில் அவிழ்த்துவிட்டு, சாயங்காலம் வந்தால் வரட்டும் என்று இருப்பவர்கள் நம்மில் உண்டு. அது மாடு வளர்ப்பதில் சேர்த்தியில்லை. ஆனால் இதற்குப் பரிகாரம் வேலியும் முறையும்தான். கம்பெனி மாட்டுக்குச் சாத்தியமான மின்வேலி லயத்து மாட்டுக்கு மட்டும் ஏன் சாத்தியமில்லை?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். மனிதன் முதலா, மாடு முதலா?

தோட்டத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு மருந்தே சாட்சி. யுத்தத்துக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் நமது தோட்டங்களில் புல்லைக் கொல்லத் தெளித்தது சோடியம் ஆர்சனைட். அது பாஷாணம். உப்புக் கரிக்கும் அந்தப் புல்லை மாடு தேடிப் போய் நக்கும். நக்கிய மாடு செத்து விழும். மாடு செத்தால் நிர்வாகம் சொன்னது, "கட்டி வைக்க வேண்டியதுதானே?" அதே மருந்தை முதுகில் சுமந்து அடித்த பெண்களின் கைகால் வெந்தபோதும் ஏறக்குறைய இதே பதில்தான்: "ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதானே?" அது போய் பாராகுவாட் வந்தது. அதைக் குடித்தால் மாற்று மருந்து இல்லை. மருந்தடிக்கிற பெண்களின் நகம் கழன்றதையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் நாம் கண்ணால் கண்டோம். 2002ல் அரசாங்கம் அதைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006ல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத்தடை வந்தது. பதினெட்டு ஆண்டு இழுபறி! மாடு செத்த அன்றே அந்தப் புல்லில் என்ன இருக்கிறது என்று சங்கம் கேட்டிருந்தால், அடுத்து வந்த மருந்தை இத்தனை சுலபமாக நம் பெண்கள் தோளில் ஏற்றியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். மாடு வாயால் சொல்லாது, விழுந்து சொல்லும்.

சரித்திரமும் இதையே காட்டுகிறது. 1822ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ரிச்சர்ட் மார்ட்டின் என்பவர் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சபையில் சிரித்தார்கள். 1824ல் லண்டனில் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் வில்பர்போர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே மனிதர். தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதைக் குற்றமாக வைத்திருந்த சட்டங்கள் இங்கிலாந்தில் ரத்தானதும் அதே 1824ல்தான். வண்டி மாட்டுக்குச் சட்டம் வந்து இரண்டு வருஷம் கழித்தே வண்டிக்காரனுக்குச் சங்க உரிமை வந்தது! இதில் கசப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் அடிமைக்காக இரங்கிய நெஞ்சுதான் மாட்டுக்காகவும் இரங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு இரங்கினால் மற்றதற்கு மிச்சமிருக்காது என்று நினைப்பதற்கு, இரக்கம் ரேஷன் அரிசியல்லவே!

இவ்வளவும் நிர்வாகத்தைப் பார்த்துச் சொன்னது. இனி நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய இடம்.

நமது லயங்களை ஒட்டிய காட்டோரத்தில் பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணிக்குப் பன்றி எது, மான் எது என்று தெரியாது. தீபகற்பக் காடுகளில் 1950களில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவென்று தெரியவந்தது. காடு அழிந்தது ஒரு காரணம். கண்ணி இன்னொரு காரணம். 2010ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி கண்ணி வைத்திருப்பதே குற்றம். அந்தக் காலத்தில் இருட்டில் வெட்டுக்குப் போன நம் பாட்டன்மார் புலிக்குப் பயந்து நடுங்கினார்கள். அதற்குப் பலியானவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்று ஒரு கிலோ பன்றிக் கறிக்காகக் கம்பி கட்டுகிறவனுக்கு அந்தப் பயமும் இல்லை, பசியும் இல்லை.

நாயின் கதை இன்னும் மோசம். விடியற்காலை ஐந்து மணிக்கு உளியும் விளக்குமாக மரத்தடிக்குப் போகிற பெண்ணுக்கு முன்னால் ஓடி, பாம்பைக் கண்டால் குரைத்து நிறுத்துவது நாய். தோட்டம் கைமாறி, லயம் உடைந்து, மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றும் நாளில் அந்த நாய்க்கு லோரியில் இடமில்லை. இடிந்த லயத்துப் படிக்கட்டில் அது படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் வர்ணிக்க வேண்டியதில்லை. இதில் இரக்கம் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. சயாம் எல்லையை ஒட்டிய நமது பகுதி வெறிநோய்க்கு வாசல். அதனால்தான் 1950களிலேயே எல்லை நெடுக நாய்களுக்கு ஊசி போடும் ஏற்பாடு செய்தார்கள். நோய் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்த காலத்தில், 2015ல் பெர்லிஸிலும் கெடாவிலும் பினாங்கிலும் அது மறுபடி தலைகாட்டியது. உடனே தெருநாய்களைக் கொல்லத் தொடங்கினார்கள். அதில் எத்தனை நாய் யாரோ ஒருவர் வீட்டை மாற்றும்போது விட்டுப்போனது என்று யார் கணக்கெடுத்தார்கள்? ஊசிக்குச் செலவாகும் சில வெள்ளியை நாம் மிச்சம் பிடித்தோம். விலையை நாய் கொடுத்தது.

கடை எழு வள்ளல்களைப் பற்றித் தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லோரும் படித்தோம். மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். அவன் வீட்டில் இன்னொரு போர்வை இருந்திருக்கும்! ஒரே போர்வை உள்ளவன் என்ன செய்வது என்பதுதான் நமது பிரச்சினை.

யானை விஷயத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. கெடாவுக்கும் யானைக்கும் பழைய சம்பந்தம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கே பிடித்த யானைகள் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்குப் போயின. நாம் அங்கிருந்து வருவதற்கு முன்பே அவை இங்கிருந்து அங்கே போய்விட்டன. இன்று சீக், பாலிங், பாடாங் தெராப் பக்கம் உலு மூடா காட்டை ஒட்டிய சிறுதோட்டக்காரர்களைக் கேளுங்கள். ஒரே இரவில் வாழையும் இளரப்பரும் போய்விடும். அவர்களிடம் போய் யானைக்காக ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. நஷ்டஈடும் வேலியும் முதலில் வரவேண்டும். பிரசங்கம் பிறகு வரட்டும்.

ஆனால் பாலிங்கைத் தாண்டினால் கிரிக்; கிரிக்கிலிருந்து காட்டை இரண்டாகப் பிளந்து கிழக்கே ஜெலிக்குப் போகிறது நெடுஞ்சாலை. 2025 மே 11ஆம் தேதி, அன்னையர் தினத்தன்று விடியுமுன், அந்தச் சாலையில் கோழி ஏற்றிவந்த லோரி ஒன்று ஐந்து வயதுக் குட்டி யானையை மோதியது. குட்டி லோரிக்கு அடியில் அகப்பட்டுச் செத்தது. தாய் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. லோரியின் முகப்பில் தலையை முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே நின்றது. மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை அப்புறப்படுத்த முடிந்தது. நாடே அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. லோரி டிரைவரைத் திட்டியவர்களும் உண்டு. எனக்குத் தோன்றியது வேறு. இருட்டில், நேரக் கெடுவுக்கு ஓட்டுகிற டிரைவரும் ஒரு தொழிலாளி. சாலை போட்டவர்கள் யானை நடந்த வழியைக் கேட்டுப் போடவில்லை. லோரிக்கு ராத்திரி வேகத்தையும் நேரத்தையும் குறித்தவர்கள் டிரைவரைக் கேட்டுக் குறிக்கவில்லை. அந்தச் சாலையில் அன்று மோதிக்கொண்ட இருவரையும் யாரும் எதையும் கேட்டதில்லை.

ஆகவே கிளைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். தோட்டம் கைமாறும்போதும், மறுநடவு செய்யும்போதும், லயம் உடைக்கும்போதும் நிர்வாகத்தோடு நாம் பேசுகிறோம். வீடு, நஷ்டஈடு, கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுகிறோம். அந்தப் பட்டியலில் மேய்ச்சல் நிலத்தையும் எழுதுங்கள். மாடுகளை எண்ணி, காதில் அடையாளம் போட்டு, யாருடையது எத்தனை என்று நாமே ஒரு புத்தகம் வையுங்கள். கிராணிமார் இதற்கு உதவலாம். செக்ரோல் எழுதத் தெரிந்தவனுக்கு மாட்டுக் கணக்கு பெரிதல்ல. ராத்திரியில் மாட்டைக் கட்டாதவனைக் கிளையே கண்டிக்கட்டும். நாய்களுக்கு ஊசி போடக் கால்நடை இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினால், தோட்டத்துக்கே வந்து போடும்படி ஏற்பாடு கேட்கலாம். கண்ணி வைப்பவன் நமது அங்கத்தினனாக இருந்தால் மறைக்காதீர்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதை அவர்கள் பாஷையில் சொல்ல ஆள் பிடியுங்கள்.

பழைய சட்டத்தில் பிராணியை வதைத்தவனுக்கு 200 வெள்ளி அபராதம் என்றிருந்தது. 2015ஆம் வருஷத்துப் பிராணி நலச் சட்டம் அதை 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை உயர்த்தி, மூன்று வருஷச் சிறையும் வைத்திருக்கிறது. "தக்க நடவடிக்கை" என்று பிடித்த மாட்டை, தண்ணீர் காட்டாமல் வெயிலில் கட்டிப்போடும் நிர்வாகத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அடுத்த நோட்டீஸ் வரும்போது சங்கத்தின் பதில் கடிதத்தில் முதல் பத்தியாக இதை எழுதலாம். டைப் செய்து தர நான் தயார்.