பழுதைப் பார்த்த பிறகு பாகத்தை விற்கட்டும்



"அண்ணாச்சி, உங்க துவரம் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்து நின்றால், நாம் உடனே வேறு மூடையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. எந்தத் தண்ணீரில் வேக வைத்தார்கள் என்று கேட்கிறோம். உப்புத் தண்ணீரில் நல்ல பருப்பும் வேகாது. ஒரு கை பருப்பை நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்தால், குறை சரக்கிலா தண்ணீரிலா என்பது தெரிந்துவிடும். மண்டியில் நாற்பது வருடமாக நான் செய்துவரும் இந்தச் சோதனையைக் கணினிக் கடைக்காரர் ஒருவர் செய்யாததால், முப்பதாயிரம் ரூபாய் என் கையைவிட்டுப் போக இருந்தது.

மகள் வயிற்றுப் பேரனுக்கு 2023இல் விளையாட்டுக் கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன விலையிலிருந்தே மாறாத நாம், பேரப்பிள்ளையிடம் சொன்ன சொல்லிலிருந்து மாற முடியுமா?

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு, விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, கணினி தானாக அணைந்து மறுபடி கிளம்பும். சினிமா பார்த்தால் ஒன்றும் ஆகாது, பாடம் படித்தாலும் ஆகாது. விளையாட்டில்தான் இந்தக் கோளாறு. வாங்கிய கடையில் கொண்டுபோய் வைத்தோம். பெட்டியின் மூடியைக்கூடத் திறக்காமல், "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு, புதுசு போடணும்" என்றார். "எதைப் பார்த்துச் சொல்றீங்க தம்பி?" என்று கேட்டேன். "கேம் ஆடும்போது ஆஃப் ஆனா கார்டுதான் சார்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடியேன் பள்ளிப்படிப்போடு நின்றவன். ஆனால் கணக்கில் இடித்தால் எந்த வரியில் இடிக்கிறது என்று தேடத் தெரியும். பேரனிடம் ஒரு சிட்டை எழுதச் சொன்னேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன விளையாட்டு, அணையும்போது திரையில் என்ன தெரிந்தது என்று ஒவ்வொரு தடவையும் குறிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்பது பதிவுகள். அவற்றில் எட்டு, மாலை ஆறு மணிக்கு மேல். பகலில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடிய நாளில்கூட ஒன்றும் ஆகவில்லை.

அவனும் அவன் பங்குக்குத் தேடினான். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால் ஒரு காரணம், நீலத் திரை வந்தால் ஒரு காரணம், கரண்ட் போனதுபோல் சட்டென்று அணைந்தால் வேறு காரணம் என்று எனக்கு விளக்கினான். நீலத் திரை வந்தால் நினைவகத்தையும் டிரைவரையும் பார்க்க வேண்டுமாம். சட்டென்று அணைந்தால் மின்சாரத்தையும் சூட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி இருந்தது. அது ஒழுங்காக மூடப்படாமல் நின்றுபோனது என்பதை மட்டுமே சொல்லும். கல்லாவில் பணம் குறைகிறது என்று எழுதிவைப்பது போல. எடுத்தது யார் என்று அதில் இராது. உள்ளே தூசு தட்டினான், சூட்டை அளந்து பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியில் நம் கிட்டங்கிக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் வந்து மேசைக்குக் கீழே குனிந்தார். "அண்ணாச்சி, இந்த யு.பி.எஸ். எங்க இருந்தது?" என்றார். நம் கடை பில்லிங் மேசையில் நாலு வருடம் உழைத்த பழைய யு.பி.எஸ். அது. வீணாகக் கிடக்கிறதே என்று நான்தான் கொண்டுவந்து மாட்டினேன்.

அதன் மேல் 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் 360 வாட். மூடையின் மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கணக்கு வாட்டில்தான். பேரன் கணினியில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. அது ஒன்றே 170 வாட் வரை இழுக்கும். பிராசசர், திரை, மற்றவை சேர்ந்தால் யு.பி.எஸ்.ஸின் எல்லையை எட்டிவிடும். சினிமா பார்க்கும்போது இவ்வளவு சுமை இராது. எங்கள் தெருவில் மாலையில் வோல்டேஜ் இறங்கும். அப்போது யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும், கிழட்டுப் பேட்டரி சுமை தாங்காமல் விட்டுவிடும், கணினி அணையும். அதை விலக்கிவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒரு வாரம் மாலை வேளையில் ஆடச் சொன்னோம். ஒரு தடவைகூட அணையவில்லை. பிறகு 1,100 வி.ஏ., 660 வாட் உள்ள புது யு.பி.எஸ். வாங்கினோம். அன்று கார்டு வாங்கியிருந்தால், முப்பதாயிரம் கொடுத்த மறுநாள் மாலையே மறுபடி அணைந்திருக்கும்.

அந்தத் தம்பியை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. இதில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதால் பழுது வந்தது. விளையாட்டு நின்றுபோகும்போது 'கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்று திரையில் செய்தி வரும். அதைப் படித்தவர் கார்டைத்தானே சந்தேகிப்பார்? குறை பிராசசரில் இருந்தது. 2024இல் இன்டெல்லே அதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் குணமாக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். பழுதைப் பார்க்காமல் கார்டு விற்றவர் வாடிக்கையாளரின் பணத்தையும் வீணாக்கினார், அவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய மாற்றுப் பொருளையும் மறைத்தார்.

என் கருத்து இதுதான். பாகம் விற்பவர் விற்கட்டும், லாபமும் பார்க்கட்டும். ஆனால் எதைச் சோதித்தோம், எப்படித் தெரிந்தது என்று இரண்டு வரி பில்லில் எழுதட்டும். சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றி, நல்ல பாகம் ஒன்றை அரை மணி நேரம் மாட்டிக் காட்டட்டும். சோதனைக்கு இருநூறு, முந்நூறு கூலி கேட்டால் நான் தருகிறேன். அது நியாயமான கூலி. புதுக் கணினி விற்கும்போது, உள்ளே இருக்கும் பவர் சப்ளை என்ன பிராண்டு, எத்தனை வாட், எத்தனை வாட் யு.பி.எஸ். வேண்டும் என்பதும் பில்லில் இருக்க வேண்டும். எனக்கு வந்த பில்லில் 'கம்ப்யூட்டர் செட் 1' என்று மட்டுமே இருந்தது. 'பருப்பு 1 மூடை' என்று நாம் பில் போட்டால் ஏற்றுக்கொள்வார்களா?

நம் சங்கத்திலும் கணினி, செல்போன் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர்கள் சேர்ந்து வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களிடம் நேரில் கேட்க இருக்கிறேன்.

பழைய யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டு, பில்லிங் மேசைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தச் சுமையை அது நன்றாகத் தாங்குகிறது.