பாகவதரைக் கைவிட்டவர்கள் யார்?

புகழ் இசைக் கலைஞனுக்குப் போலி நட்புகளையே சேர்க்கும், அவன் சரிந்த நாளில் அவை கலைந்தோடும் என்னும் கருத்து தமிழ்நாட்டில் விவாதத்திற்கு அப்பாற்பட்ட உண்மையைப் போலப் புழங்கிவருகிறது. அதற்குச் சான்றாக எப்போதும் முன்வைக்கப்படுவது பாடகரும் திரை நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கை. 1944 நவம்பரில் நிகழ்ந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகித் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் பயனாக 1947இல் விடுதலையான அவரை, ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளிகளைக் கண்ட காலத்தில் சூழ்ந்து நின்றவர்கள் ஒட்டுமொத்தமாகக் கைவிட்டார்கள் என்று எழுதப்படுகிறது. இது பிழையான செய்தி மட்டுமன்று. உடன் நின்றவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும்.

முதற்பிழை, ஒப்பந்த உறவையும் நட்பையும் ஒன்றாகக் கருதுவது. ஒப்பந்த உறவு என்பது இன்ன தொகைக்கு இன்ன வேலை என்று எழுதிக் கையெழுத்திட்ட உறவு. நடிகர் சிறையில் இருக்கும்போது ஒரு தயாரிப்பாளர் படத்தைக் கைவிடுவதும் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதும் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவர் நண்பராக இருந்து மாறியவர் அல்லர், தொடக்கம் முதலே வணிகராக இருந்தவர்.

நட்பின் சான்றைத் தேட வேண்டிய இடம், விடுதலைக்குப் பின் வந்த படங்களின் பெயர்ப் பட்டியல். 1948இல் வெளியான ‘ராஜமுக்தி’யை இயக்கியவர், 1941இல் அவரை வைத்து ‘அசோக்குமார்’ எடுத்த அதே ராஜா சந்திரசேகர். பாடல்களை இயற்றியவர் ‘சிந்தாமணி’ காலம் முதல் அவருக்கு எழுதிய பாபநாசம் சிவன். 1952இல் வந்த ‘அமரகவி’யில் ‘ஹரிதாஸ்’ நாயகி டி.ஆர். ராஜகுமாரி மீண்டும் உடன் நடித்தார்; டி.ஏ. மதுரமும், அதே வழக்கில் பாகவதரோடு சிறையிலிருந்த என்.எஸ். கிருஷ்ணனும் நடித்தனர்; அந்த ஆண்டின் ‘அமரகவி’, ‘சியாமளா’ இரண்டுக்கும் பழைய துணைவரான ஜி. ராமநாதன் இசையமைத்தார். வற்றிய குளத்தை விட்டுப் பறக்கும் பறவைகளைச் சொன்ன மூதுரை, அதே பாட்டில் வற்றிய பின்னும் ஒட்டி உறையும் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் சொல்கிறது. பாகவதரின் கதையைச் சொல்வோர் பாட்டின் முற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அவ்வாறாயின் அவர் ஏன் வீழ்ந்தார்? நண்பர்கள் குறைந்ததால் அன்று, கலைவடிவம் மாறியதால். நடிப்பவரே பாடியாக வேண்டும் என்ற காலத்தில் எழுந்த புகழ் அவருடையது. அவர் மீண்டபோது பின்னணிப் பாடல் முறை, அதாவது ஒருவர் நடிக்க மற்றொருவர் குரல் கொடுக்கும் முறை, வேரூன்றிக்கொண்டிருந்தது, ‘ராஜமுக்தி’யிலேயே வி.என். ஜானகிக்காகப் பாடியவர் எம்.எல். வசந்தகுமாரி. 1949இல் ‘வேலைக்காரி’யும் 1952இல் ‘பராசக்தி’யும் வசனத்தை அரியணையில் அமர்த்திவிட்ட பிறகு, பாட்டுக்காகவே படம் பார்க்கும் வழக்கம் தளர்ந்தது. அதே வழக்கிலிருந்து அதே 1947இல் மீண்ட கிருஷ்ணன், 1949இல் அண்ணாவின் கதையில் ‘நல்லதம்பி’யில் நடித்து மீண்டும் நிலைகொண்டதைக் கவனிக்க வேண்டும்: கறையும் சிறையும் இருவருக்கும் பொது, பேச்சும் நகைச்சுவையும் கேட்ட காலத்திற்கு ஏற்றது ஒருவரின் கலை மட்டுமே. சமூகம் கைவிட்டது என்பது உண்மையானால் அது இருவரையும் அல்லவா கைவிட்டிருக்க வேண்டும்?

திரையரங்கில் கூட்டம் குறைந்ததை நண்பர்களின் துரோகமாக எழுதுவது எளிது, கேட்பதற்கும் உருக்கமானது. அதனாலேயே அது நிலைபெற்றது. ஆனால் அதன் விளைவு கொடியது. பாட வரும் இளைஞன், புகழ் வந்ததும் அருகிலிருப்போர் அனைவரையும் ஐயுறுவதே விவேகம் என்று இக்கதையிலிருந்து கற்கிறான். பாகவதரை நண்பர்கள் கைவிட்டார்கள் என்று இனி எழுதுவோர், கைவிட்ட நண்பர் யார் என்று பெயர் சொல்லி எழுதட்டும். சொல்ல இயலாதெனில், சிவனும் ராமநாதனும் கிருஷ்ணனும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து முதலில் விடுவிக்கப்பட வேண்டும்.