‘ப’வுக்கு அப்புறம் என்ன?

எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்காகச் சென்ற வாரம் ஒரு பயிற்சி வினாத்தாள் தயாரித்தேன். அதில் நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்ட கேள்வி இது: ‘க, ச, ட, த, ப - அடுத்த எழுத்து யாது?’

நான் எதிர்பார்த்த விடை ‘ய’. மெய்யெழுத்துக்களின் வரிசையைச் சொல்லிக்கொண்டு ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால், ‘ப’வுக்குப் பின் ‘ம’வைத் தாண்டி ‘ய’வில் வந்து நிற்போம். இதில் சந்தேகத்துக்கு இடமேது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சிறுமி ‘ற’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையினால் ஒரு பெருக்கற்குறி போட்டு அப்பால் போனேன். மறுநாள் காலை அவள் விடைத்தாளும் கையுமாக ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“ஸார், க ச ட த ப ற என்றால் வல்லினம் அல்லவா? தமிழ் ஐயா அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்?”

நான் கணிதத்தில் பட்டம் பெற்றவன். இருபது வருஷமாக உபாத்தியாயராக இருப்பவன். ஆயினும் அந்த நிமிஷத்தில் எனக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை. ஆற அமர யோசித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. நம்முடைய மெய்யெழுத்து வரிசையில் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று ஒவ்வொரு வல்லினத்துக்கும் பக்கத்திலேயே அதன் மெல்லினம் குந்தியிருக்கிறது. ஆகவே, ஐந்து எழுத்து வரையில் என் விதியும் அவள் விதியும் ஒரே பாதையில் நடக்கின்றன. அதற்குமேல் இடையினம் ஆறும் நடுவே புகுந்து விடுகின்றன. ‘ற’வும் ‘ன’வும் கடைக்கோடிக்குப் போய்விடுகின்றன. பதினோராவது எழுத்து ‘ய’. பதினேழாவது எழுத்து ‘ற’. இரண்டும் சரியே. தவறு கேள்வியில்தான் இருந்தது. பெருக்கற்குறியை அடித்து மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால், மனம் சமாதானம் அடையவில்லை. அந்தப் பெண் எழுதப் போவது தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கும். அவளுடைய தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறார். தமையன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். 90 நிமிஷத்தில் 90 கேள்விகள். வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டியது, மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும். யந்திரத்தின் வாசலில் மறுநாள் போய் நின்று “தமிழ் ஐயா சொன்னாரே” என்று வாதாட முடியுமா?

ஆகையால் அன்று மாலை அவளையும் இன்னும் நாலு பேரையும் உட்கார வைத்துச் சில உபாயங்களைச் சொன்னேன். வினாத்தாள்களில் பெரும்பாலும் வருவது ஆங்கில எழுத்துக்கள். தமிழில் படிக்கும் குழந்தைக்கு ‘க்யூ’ எத்தனையாவது எழுத்து என்பது சட்டென்று தெரியாது. பாட்டாகப் பாடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். அது புத்திக் குறைவன்று, பழக்கக் குறைவு. எனவே, உட்கார்ந்தவுடன் காகித ஓரத்தில் 26 எழுத்தையும் எழுதி, கீழே எண்களை இடுவது முதல் வேலை. ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25 என்ற ஐந்து மைல் கற்களை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றவை தாமே வரும். (இந்த ‘டி’ கடைசிப் பக்கத்து டி. தமிழில் எழுதினால் இரண்டு டியும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்வது!)

ஏ, சி, எஃப், ஜே, ஓ என்று வந்தால் 1, 3, 6, 10, 15. இடைவெளி 2, 3, 4, 5 என்று வளர்கிறது. அடுத்தது ஆறு கூட்டி 21, அதாவது யூ. ஏ, இஸட், சி, எக்ஸ், ஈ, வி என்று வந்தால் ஒரே வரிசை என்று எண்ணித் திகைக்கக் கூடாது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. இரண்டு வரிசைகள் பின்னிக் கிடக்கின்றன. அடுத்தது ஜி. ஆர், யூ, எக்ஸ் என்று மும்மூன்றாய்த் தாவினால் 27 வரும். அத்தனை எழுத்து இல்லையே என்று கலங்க வேண்டாம். இஸட் முடிந்ததும் மறுபடி ஏ.

சிகாகோவில் இருந்த தர்ஸ்டன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1938ல் வெளியிட்ட சோதனைகளிலேயே இத்தகைய எழுத்து வரிசைகள் உண்டு. 1963ல் ஹெர்பர்ட் சைமனும் கொடோவ்ஸ்கியும் இவற்றைக் கம்ப்யூட்டருக்கே போட்டுப் பார்த்தார்கள். ‘அதே எழுத்து’, ‘அடுத்த எழுத்து’, ‘எத்தனைக்கு ஒரு முறை திரும்புகிறது’ - ஏறக்குறைய இவ்வளவையே கொண்டு யந்திரம் விதியைக் கண்டுபிடித்தது. ஒரே சமயத்தில் ஞாபகத்தில் வைக்க வேண்டியவை பெருகப் பெருகத்தான் மனிதர்களுக்குக் கஷ்டம் அதிகமாகிறதாம். அதனால்தான் எழுத்துக்குக் கீழே எண்ணை எழுதிவிடு, தலையில் சுமக்காதே என்று சொல்கிறேன்.

இரண்டு விதி பொருந்தினால்? கொடுத்திருக்கும் நாலு விடைகளைப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் அங்கே இருக்குமாயின் கேள்வி கேட்டவர் மனம் தெரிந்துவிடும். இரண்டும் இருந்தால், பிழை அவருடையது. ஆயினும் எண்ணிக்கையால் வரும் விடையையே குறிக்கச் சொன்னேன். கேள்வி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல் விரல்விட்டு எண்ணுகிறவர்கள்தாம்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். ‘சி, வை, ஆ, ஆ, ஆ - அடுத்தது என்ன, ஸார்?’ வீட்டுக்கு எடுத்து வந்து உயிர், மெய் என்று எண்களைப் போட்டுக் கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இதற்கா இத்தனை காகிதம்? ‘பு’ என்று எழுதுங்கள். புரட்டாசி பிறக்கப் போகிறது, மளிகைச் சாமானுக்குச் சொல்ல வேண்டும் என்று காலையில்தானே சொன்னேன்?”