மேயர் வாசல் வெறிச்! சந்தையில் ஜேஜே!

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரத்தின் மாநகராட்சிக் கட்டிடத்தை முதல் தடவை பார்ப்பவர்கள், "இது என்னய்யா, ஆபீசா, கோட்டையா?" என்று மலைத்து நிற்பார்கள்.

1962-ல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வரைபடம். 1969-ல் கட்டிடம் திறப்பு விழா கண்டது. பூச்சு கிடையாது, வர்ணம் கிடையாது. எல்லாம் வெறும் கான்கிரீட். மேல்மாடிகள் வெளியே துருத்திக்கொண்டு, படிக்கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி நிற்கின்றன.

நிபுணர்கள் "பிரமாதம்" என்றார்கள். ஊர் ஜனங்களில் பலர் "அவலட்சணம்" என்றார்கள். அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான கோளாறு கட்டிடத்தில் இல்லை. வாசலில்தான்!

கடை போச்சு, கூட்டம் போச்சு

முன்பு அந்த இடத்துக்கு ஸ்காலி சதுக்கம் என்று பெயர். நாடகக் கொட்டகை, சாப்பாட்டுக்கடை, மதுக்கடை, பச்சை குத்தும் கடை என்று ராத்திரியும் பகலும் ஒரே சந்தடி. ஒழுக்கம் கெட்ட பேட்டை என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். 1960-களில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்த இடத்தில் வந்தது என்ன? ஏழெட்டு ஏக்கர் செங்கல் பொட்டல்! கோடையில் கால் சுடும். குளிர்காலத்தில் காற்று ஆளைத் தள்ளும். நிழல் குறைவு. உட்கார இடம் குறைவு. ஒரு நீரூற்று வைத்தார்கள். அதுவும் ஒழுகியது, மூடிவிட்டார்கள்.

எதிரே பாருங்கள்!

ரோட்டைத் தாண்டினால் குயின்சி மார்க்கெட். மேயராக இருந்த குயின்சி கட்டியது. 1826-ல் திறந்த கல் கட்டிடம். அதுவும் பாழடைந்துதான் கிடந்தது. ஆனால் இடிக்காமல் பழுது பார்த்து, 1976-ல் மறுபடி திறந்தார்கள். ஜனம் அலைமோதியது!

பக்கத்திலேயே ஹேமார்க்கெட். வெள்ளி, சனி இரண்டு நாளும் காய்கறி, பழம், மீன் வியாபாரம். தெருவோரம் கூடாரம் போட்டுக் கூவிக்கூவி விற்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் விலை இன்னும் இறங்கும்.

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே குளிர். ஒரு பக்கம் நிற்க இடமில்லை. மறு பக்கம் நிற்க ஆளில்லை! சந்தைக்காரனுக்குத் தெரிந்த சூட்சுமம் சர்க்காருக்குத் தெரியவில்லை. வேலை இருந்தால்தான் மனுஷன் வருவான். வசதி இருந்தால்தான் நிற்பான்.

லேட்டாக வந்த புத்தி

2006-ல் அப்போதைய மேயர் மெனினோ, கட்டிடத்தையே விற்றுவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம் என்றார். நல்லவேளை, நடக்கவில்லை.

2022-ல் மைதானத்தைச் சீர்திருத்தினார்கள். மரங்கள் வந்தன. பெஞ்சுகள் வந்தன. குழந்தைகள் விளையாட இடம் வந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சரிவுப் பாதையும் வந்தது. 2025-ல் அந்தக் கட்டிடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

நல்லதுதான். ஆனால் ஒரு மரம் நடவும் பெஞ்சு போடவும் அரை நூற்றாண்டா?

மாநகராட்சி ஆபீசுக்கு யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. வரி கட்ட வருகிறார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறார்கள். கையில் குழந்தையோடு வருகிறார்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் கட்டிடமே எழும்புகிறது.

ஆகவே எந்த ஊராக இருந்தாலும் சரி, ஆபீஸ் கட்டும் கனவான்களே! வரைபடம் போடுகிறவரை நாலு தடவை கேளுங்கள். பக்கத்துத் தெருவில் பழம் விற்கிறவரையும் ஒரு தடவை கேளுங்கள். ஜனம் எங்கே நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்!