கோட்பாட்டு ஆய்வுக்குத் தனி ஒதுக்கீடு தேவை

ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடும் தொகை, 2020–21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே. அதே காலத்தில் சீனா ஏறத்தாழ 2.4 விழுக்காடும், தென்கொரியா 4.8 விழுக்காட்டை ஒட்டியும் செலவிட்டன. இந்த நிலையை மாற்றும் முயற்சிகள் தொடங்கியிருப்பது உண்மை. 2023-இல் தனிச் சட்டத்தின் மூலம் அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனம் உருவானது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைக்கப்பட்டது. 2025-இல் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, புத்தாக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால், முதல் திட்டத்தின் தொகையில் 36,000 கோடி ரூபாய் தொழில் துறை உள்ளிட்ட வெளி வழிகளிலிருந்து வர வேண்டும். இரண்டாவது, ஓரளவு நிரூபணமாகிவிட்ட தொழில்நுட்பங்களை வளர்த்தெடுக்கத் தனியார் துறைக்கு உதவுவது. இயற்கணிதக் கட்டமைப்புகளை ஆராய்பவருக்கும், நெபுலா என்னும் விண்வெளி வாயுமுகிலின் ஒளியைக் கணக்கிட்டு விளக்குபவருக்கும், அணுக்கருவுக்குள் குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள் பிணைந்திருக்கும் விதத்தைச் சமன்பாடுகளில் தேடுபவருக்கும் எந்த நிறுவனமும் முதலீடு செய்யப்போவதில்லை. அவர்களுக்குப் பொதுப்பணம்தான் ஒரே ஆதாரம். அந்தப் பணத்தில் கோட்பாட்டு ஆய்வுக்கென்று குறைக்க முடியாத ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

கருவியும் தரவும் இருந்தால் அறிவியல் தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நெபுலாக்களின் வரலாறு அதை மறுக்கிறது. 1864-இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் தொகுதியிலுள்ள ஒரு நெபுலாவை நிறமாலைமானி வழியே ஆராய்ந்தபோது, பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துடனும் பொருந்தாத பச்சைக் கோடுகளைக் கண்டார். புதிய தனிமமாக இருக்கும் என்று கருதி அதற்கு ‘நெபுலியம்’ என்று பெயரும் வைத்தார்கள். அதன் பின் தொலைநோக்கிகள் பெரிதாயின, ஒளிப்படத் தகடுகள் வந்தன, தரவுகள் குவிந்தன. புதிர் மட்டும் அப்படியே இருந்தது. இதற்கிடையே 1920-இல் கொல்கத்தாவிலிருந்து மேகநாத சாகா, வெப்பமும் அழுத்தமும் மாறும்போது அணுக்கள் எலக்ட்ரான்களை எந்த அளவுக்கு இழக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டை வெளியிட்டார். விண்மீன்களின் ஒளியைப் படிக்கும் முறையையே அது மாற்றியது. 1927-இல் அமெரிக்காவின் ஐரா போவன் பச்சைக் கோடுகளின் மர்மத்தை அவிழ்த்தார். அவை புதிய தனிமம் அல்ல. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். ஆய்வுக்கூடத்தில் அத்தகைய அணு அந்த ஒளியை உமிழ்வதற்குள் மற்றொன்றுடன் மோதிவிடுகிறது. நெபுலாவிலோ வாயு மிக மெலிந்திருப்பதால் உமிழும் வரை மோதலின்றி நீடிக்கிறது. அணுக்களின் ஆற்றல் நிலைகளைப் பற்றிய கணக்கீடுதான் இதைக் காட்டியது. கண்ணெதிரே இருந்த ஒளி 63 ஆண்டுகள் விளங்காமல் இருந்ததற்குக் காரணம் கருவியின் குறை அன்று. கோட்பாடு அதுவரை வளர்ந்திருக்கவில்லை.

அணுக்கருவுக்குள்ளும் இதே கதைதான். 1950-களில் துகள் முடுக்கிகள் அடுத்தடுத்துப் புதிய துகள்களைக் காட்டின. அவற்றுக்கிடையே என்ன ஒழுங்கு என்று யாருக்கும் தெரியவில்லை. நார்வேயின் கணிதவியலாளர் சோபஸ் லீ 19-ஆம் நூற்றாண்டில், துகள் இயற்பியலில் பயன்படும் என்ற எண்ணமின்றி உருவாக்கிய குலக் கோட்பாட்டிலிருந்து அந்த ஒழுங்கு கிடைத்தது. இயற்பியலாளர்கள் முர்ரே கெல்மானும் யுவால் நீமானும் 1961-இல் தனித்தனியே, அந்தத் துகள்கள் குறிப்பிட்ட ஓர் இயற்கணிதச் சமச்சீரின்படி குடும்பங்களாக அமைவதைக் கண்டனர். ஒரு குடும்பத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒமேகா மைனஸ் என்ற துகள் இருக்க வேண்டும், அதன் நிறை இவ்வளவு இருக்க வேண்டும் என்று 1962-இல் கெல்மான் கூறினார். 1964-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. குவார்க் என்ற கருத்தும் அதே ஆண்டு பிறந்தது. பின்னர் அதே ப்ரூக்ஹேவனிலும் ஐரோப்பாவின் செர்ன் மையத்திலும் கன அணுக்கருக்களை மோதவிட்டு, பிரபஞ்சத்தின் முதல் கணங்களில் நிலவிய குவார்க்–குளுவான் பிளாஸ்மா என்ற பொருள்நிலையை உண்டாக்கியிருக்கிறார்கள். அது வாயுவைப் போல அல்லாமல் உராய்வு மிகக் குறைந்த திரவமாகப் பாய்கிறது என்று ப்ரூக்ஹேவன் 2005-இல் அறிவித்தது. அந்த உராய்வை எந்த உணர்கருவியும் நேரடியாக அளப்பதில்லை. சிதறும் துகள்களின் பாங்கைப் பாய்மக் கணக்கீடுகளோடு ஒப்பிட்டே அறிய முடிகிறது. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் முன்னின்று உருவாக்கிய ஃபோட்டான் உணர்கருவிகள் இந்த இரு இடங்களிலும் பணியாற்றியிருக்கின்றன. அவற்றைச் செய்யும் திறன் நமக்கு இருப்பது பெருமை. அவை தரும் தரவுக்குப் பொருள் சொல்லும் திறனும் நம்மிடம் இருந்தாக வேண்டும்.

கோட்பாட்டின் வலிமை தமிழகத்துக்குப் புதிய செய்தி அல்ல. சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனிடம் கணிதம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1965-இல் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளியிட்ட தேற்றம், இயற்கணித வடிவியலின் தூய கேள்வி ஒன்றுக்கு விடை. அணுக்கரு விசையை விளக்கும் யாங்–மில்ஸ் சமன்பாடுகளுக்கும் அந்தத் தேற்றத்துக்கும் இருந்த நெருங்கிய உறவு 1980-களில் வெளிப்பட்டது. சென்னையின் கணித அறிவியல் நிறுவனம் பிறந்த விதமும் நினைவில் கொள்ளத்தக்கது. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை 1960-இல் நீல்ஸ் போர் வந்து பார்த்துப் பாராட்டினார். அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதைத் தன் பொறுப்பாக ஏற்றார். பிரதமர் நேரு இசைந்தார். 1962 ஜனவரியில் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்றைவிடப் பல மடங்கு வறுமையிலிருந்த நாடு எடுத்த முடிவு அது.

பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிதியின்றித் தவிக்கும்போது இந்தச் செலவு தேவையா என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் பார்த்தே பதில் சொல்லலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய். ஐந்தாண்டுகள் படிக்கும் ஒரு மாணவருக்கு, வீட்டு வாடகைப்படி நீங்கலாக, 24 லட்சம் ரூபாய் ஆகும். நூறு பேருக்கு 24 கோடி. மகாராஷ்டிரத்தில் ஈர்ப்பலைகளை அளக்க அமையும் லைகோ–இந்தியா ஆய்வகத்துக்கு 2023-இல் அனுமதிக்கப்பட்ட 2,600 கோடி ரூபாயில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. லைகோ வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அது கட்டாயம் வேண்டும். அத்தகைய கருவிகளுக்குக் கோடிகளைக் கொட்டும் நாடு, அவற்றின் பயனை அறுவடை செய்யும் மனிதர்களிடம் கணக்குப் பார்ப்பது சிக்கனம் ஆகாது. அறிவியலிலேயே மிகக் குறைந்த செலவில் நடப்பது கோட்பாட்டு ஆய்வுதான். அதற்கு வேண்டியவை ஊதியம், நூலகம், கணினி, சக ஆய்வாளர்களைச் சந்திக்கும் பயணம், தடையற்ற சில ஆண்டுகள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள், எந்தக் கடையிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை எண்ணிப் பார்க்கலாம். அதன் ஒரு பகுதி கறைபட்டோ கிழிந்தோ போனாலும் கைப்பேசி அதைச் சரியாகப் படிக்கிறது. 1960-இல் கணிதவியலாளர்கள் ரீடும் சாலமனும் உருவாக்கிய பிழைதிருத்தும் முறை அதற்குள் இருக்கிறது. அந்த முறைக்கு அடிப்படை, இருபது வயதில் இறந்த எவரிஸ்ட் கால்வா 1830-இல் எழுதிய முடிவுறு களங்களின் இயற்கணிதம். வென்ற உதாரணங்களை மட்டும் பொறுக்கிக் காட்டுகிறீர்கள் என்று சொல்லலாம். உண்மைதான், பயன் தராமல் போன கோட்பாடுகள் ஏராளம். ஆனால், எது பயன் தரும் என்று முன்கூட்டியே பிரித்தெடுக்க 1830-இல் எவராலும் முடியவில்லை, இன்றும் முடியாது. அதனால்தான் பயனை மட்டும் அளவுகோலாக வைக்கக் கூடாது என்கிறோம். உலகைப் புரிந்துகொள்வதே மதிப்புடையது. அந்தப் பயிற்சியில் உருவாகும் மனிதர்கள் எந்தத் துறைக்குச் சென்றாலும் நாட்டின் செல்வம்.

கோட்பாடுகளைப் பணக்கார நாடுகள் உருவாக்கட்டும், வெளியாகும் கட்டுரைகளை நாம் படித்துக்கொள்ளலாம் என்ற வாதமும் உண்டு. ஆராய்ச்சியில் ஈடுபடாதவரால் ஆராய்ச்சிக் கட்டுரையின் எல்லையை அறிய முடியாது. எது திடமானது, எது ஐயத்துக்குரியது என்று சொல்ல அதே வேலையைச் செய்பவர்கள் வேண்டும். 2017-இல் செர்னின் இணை உறுப்பினராகி ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் இந்தியா, அங்கே என்ன தேட வேண்டும் என்ற விவாதத்திலும் குரல் உடையதாக இருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்தால் தரமற்ற கட்டுரைகள்தான் பெருகும் என்பார்கள். அந்த நோய்க்குக் காரணம், கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி உயர்வு தரும் முறை. நிதியை வெட்டினால் அது தீராது. துறை வல்லுநர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை படைப்பைப் படித்து மதிப்பிட்டால் தீரும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தேசிய ஆய்வு நிறுவனத்தின் அரசுப் பங்கில் கோட்பாட்டு ஆய்வுக்கு நிலையான விழுக்காடு ஒதுக்கப்பட வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் வருவதில்லை என்று ஆய்வு மாணவர்கள் முறையிடும் நிலை மாறி, அது ஊதியத்தைப் போல மாதந்தோறும் சேர வேண்டும். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு உறுதியுள்ள பணிகள் வேண்டும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் கணித, இயற்பியல் துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுவதை நிறுத்தி, காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். ஒரு மாநில அமைச்சரின் அக்கறையால் கணித அறிவியல் நிறுவனத்தைப் பெற்ற தமிழகம், வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இந்தப் பணியைத் தொடங்கி மத்திய அரசுக்கு வழிகாட்டட்டும்.